முந்தி வந்த எதிரொலி

கிட்டார்க் கம்பியை அவன் இன்னும் தொடவில்லை. மீட்டுகிற சின்னத் தகடான பிக்கைப் பிடித்திருந்த இடது கை, கம்பிக்கு ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில் நின்றிருந்தது. அதற்குள் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் 'டிங்' என்றது. பிறகுதான் கை இறங்கியது, கம்பி அதிர்ந்தது, அதே 'டிங்' இன்னொரு தடவை, இன்னும் கனமாக வந்தது.

நண்டு தன் காதைத்தான் முதலில் சந்தேகித்தான். மத்தியானத்திலிருந்து தரையில் குந்திக்கொண்டு ஒயர்களோடு மல்லுக்கட்டியவனுக்கு முதுகும் வேலை செய்யவில்லை, மூளையும் வேலை செய்யவில்லை. காது மட்டும் எப்படி ஒழுங்காக இருக்கும்? சுண்டுவிரலை விட்டுக் காதைக் குடைந்துகொண்டு, கிட்டாரை மடியில் சரிசெய்துகொண்டான்.

நண்டு என்பது அவனுடைய குழுவின் டிரம்மர் வைத்த பெயர். இவன் இடது கைக்காரன். எல்லோரும் கிட்டாரைப் பிடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைக் கழுத்துப் பலகையில் குறுக்காக ஓடவிடுவான். அதை முதல் நாள் பார்த்த டிரம்மர், "இது என்னடா, நண்டு ஓடுற மாதிரி ஓடுது" என்றான். அவ்வளவுதான், சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று. அக்காகூடக் கோபம் வந்தால் மட்டும்தான் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்வாள்.

மறுநாள் மாலை அவர்கள் குழுவுக்கு முதல் பெரிய மேடை. அதற்காகத்தான் இந்த அவதி. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே நான்கு பெடல்கள். காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டிகள். கிட்டாரிலிருந்து புறப்படும் ஒலி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நுழைந்து வெளியேறி, கடைசியில் ஆம்பில் போய் விழும். முதல் பெட்டி சுதி பார்க்கும். இரண்டாவது ஒலியைக் கரகரப்பாக்கும். மூன்றாவது அதைத் தண்ணீரில் நிழல் ஆடுவது போல அலையவிடும். நான்காவது டிலே. ஒரு தடவை மீட்டினால் போதும், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் மெலிதாக. சொன்னதா, சொல்லவில்லையா என்று தெரியாத அளவுக்குத் தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போய்விடும். நான்கு பெட்டிகளிலும் அவனுக்கு உயிர் அதன்மேல்தான்.

இந்தப் பெட்டிகளைச் செய்கிறவர்கள் இடது கைக்காரர்களை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. எல்லாப் பெட்டியிலும் ஒலி வலது பக்கம் நுழைந்து இடது பக்கம் வெளியேறும். நண்டுவின் கிட்டார் ஒயரோ இடது பக்கம் தொங்கும். இத்தனை வருஷமாக அந்த ஒயரைக் காலுக்குக் குறுக்காக இழுத்துப் போட்டுத்தான் வாசித்தான். ஒரு கல்லூரி விழாவில் அதிலேயே தடுக்கி விழுந்து, பாடகியின் காலடியில் கும்பிடு போட்டது போலக் கிடந்தான். அந்த அவமானம் பெரிய மேடையில் வேண்டாம் என்றுதான் இன்று எல்லாவற்றையும் கழற்றி, வரிசையை இடமிருந்து வலமாகத் திருப்பிப் போட்டு, சின்னச் சின்ன ஒயர்களைப் புதிதாக வளைத்துச் செருகினான்.

"நாளைக்கு மேடையில நீ வாசிக்கப் போறியா, இல்ல ஒயர் கட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா காலையில் வேலைக்குக் கிளம்பினாள். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. பெடல்களை அவள் டப்பா என்றுதான் சொல்வாள். அந்த டப்பாக்களின் மேல் தூசி விழக்கூடாது என்று பழைய தலையணை உறையைத் துவைத்து மூடி வைப்பவளும் அவள்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, அவனுக்கு அவள், அவளுக்கு அவன். வேறு நாதி கிடையாது. அவளுக்கு ஒன்று என்றால் தான் என்ன ஆவோம் என்று சில இரவுகளில் படுத்துக்கொண்டே யோசித்திருக்கிறான். யோசனை முடிகிற இடம் வருவதற்குள் பயந்து புரண்டு படுத்துவிடுவான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் வெளிச்சம் மங்கி, அறைக்குள் கட்டியிருந்த கொடியில் காயாத துணிகளின் ஈர வாடையும், சூடேறிய ஆம்பின் தூசி வாடையும் ஒன்றாகக் கலந்து நின்றன. அவன் விளக்கைப் போடவில்லை. பெடல்களின் சின்னச் சின்னச் சிவப்பு, பச்சை வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது அவனுக்குப் பிடிக்கும்.

மறுபடி மீட்டினான். மறுபடி அதுவே நடந்தது. எதிரொலி முதலில் வந்தது, ஒலி பிறகு வந்தது.

இந்தத் தடவை அவன் ஒரு சோதனை செய்தான். மீட்டப் போவது போலக் கையைக் கொண்டுபோய், கடைசி நொடியில் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஆம்ப் பேசாமல் இருந்தது. அவன் ஏமாற்றப் போகிறான் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. சரி, நிஜமாகவே மீட்டிவிடலாம் என்று அவன் மனதுக்குள் நினைத்து முடிப்பதற்குள் 'டிங்' என்றது. சொன்ன பேச்சைக் கேட்பது போல அவன் கையும் போய்க் கம்பியைத் தட்டியது.

கிட்டாரை ஸ்டாண்டில் வைத்தான். கம்பிகள் ஆறின் மேலும் ஒரு துணியைப் போட்டு அடக்கினான். இனி ஆம்பில் ஒரு சிறு இரைச்சல் தவிர எதுவும் வரக்கூடாது. கிட்டாரின் காது இரும்புக் கம்பியின் அசைவை மட்டும்தான் கேட்கும். பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அதற்கு அது ஒன்றுமே இல்லை. இது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த இரைச்சலுக்கு அடியில், ஆழத்தில், ஏதோ ஒரு தட்டு விழுந்து, சுழன்று, சுழற்சி குறுகி அடங்குகிற சத்தம் ஆம்பிலிருந்து வந்தது.

அவன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. 'ச்சே, கற்பனை' என்று அவன் தோளைத் தளர்த்தியபோது, சமையலறையில் மேடை மேல் சாய்த்து வைத்திருந்த மூடி வழுக்கித் தரையில் விழுந்தது. சுழன்றது. சுழற்சி குறுகியது. அடங்கியது. தாளம் ஒரு இழை மாறவில்லை.

அதற்கடுத்து ஆம்பில் போன் மணி அடித்தது. அவன் பாய்ந்து போனை எடுத்தான். திரை கறுப்பாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் போலப் பார்த்துக்கொண்டே இருந்தான். நெடுநேரம் கழித்து அது அவன் உள்ளங்கையில் அதிர்ந்தது. டிரம்மர்.

"என்னடா நண்டு, பெடல் போர்டு ரெடியா?"

"ரெடிதான். ஆனா டிலே ஒரு மாதிரி பண்ணுது. நான் வாசிக்கறதுக்கு முன்னாடியே எதிரொலி வருது."

"சரிதான். சாப்பிட்டியா நீ? போய்ப் படுடா கொஞ்ச நேரம்."

"விளையாடாதடா. நிஜமாத்தான் சொல்றேன்."

"எப்படிக் குத்தியிருக்க? புது வரிசைன்னியே, ஒயரப் பாரு மொதல்ல."

நண்டு போனைக் காதில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தான். பெடல்களின் வெளிச்சத்தில் ஒயர் போன வழி தெரிந்தது. மற்ற மூன்று பெட்டிகளுக்கும் ஒயரை ஒழுங்காகத்தான் குறுக்கே விட்டிருந்தான். நான்காவதுக்கு மட்டும், இடமிருந்து வலம் என்ற நினைப்பிலேயே, ஒலி வெளியேறும் துளையில் உள்ளே போகிற ஒயரையும், நுழையும் துளையில் வெளியே வருகிற ஒயரையும் குத்தியிருந்தான். இடது கைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

"அடச்சே. டிலேல மட்டும் மாத்திக் குத்திட்டேன்டா. உள்ள போறது வெளிய, வெளிய வர்றது உள்ள." அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

டிரம்மர் சிரிக்கவில்லை. "மாத்திக் குத்தினா சத்தமே வராதேடா."

"வருதே."

"வராதுடா. அது செத்த பெட்டி மாதிரி கெடக்கும். நானே எத்தனை தடவ பாத்திருக்கேன். ஒரு பொட்டுச் சத்தம் வராது. நீ கேக்கறது எங்கேருந்து வருதோ எனக்குத் தெரியல. முதல்ல அதக் கழட்டிப் போடு."

போனை வைத்த பிறகு அறை முன்னைவிடப் பெரிதாகவும் இருட்டாகவும் தெரிந்தது. நண்டு மண்டியிட்டு, டிலேயின் ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினான். உலோகம் விரலில் பட்டது. ஜில்லென்றிருந்தது.

அப்போது ஆம்பில் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது.

அவர்கள் வீட்டுப் பூட்டுதான். சாவி பாதி திரும்பியதும் ஒரு தடவை சிக்கிக்கொண்டு, பிறகு 'டக்' என்று விழும். அக்கா செருப்பைக் கழற்றுகிற சத்தம், ஒன்று விழுந்து, சற்றுத் தள்ளி மற்றொன்று. ஈர மழைக்கோட்டை உதறுகிற சத்தம். கைப்பை மேசைமேல் விழுகிற சத்தம். நடுநடுவே இரைச்சல் ஏறி, சில சத்தங்களை விழுங்கிவிட்டது.

"என்னடா, இருட்டுல உக்காந்துட்டிருக்க?" அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

நண்டுவின் கை ஒயரின் மேல் அப்படியே நின்றது. பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் இந்தக் கண்றாவி ஒழிந்தது. ஆனால் அடுத்தது என்ன என்று தெரியாமல் போய்விடுமே. அக்கா விஷயமாயிற்றே. அவன் பிடுங்கவில்லை.

ஆம்பில் இன்னொரு குரல் சொன்னது: "லைட்டப் போடாதக்கா."

அது அவனுடைய குரல். பதிவு செய்து எத்தனையோ தடவை கேட்ட குரல்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் மூச்சு இல்லை. பேசுகிறவன் வார்த்தைக்கு நடுவே காற்றை இழுப்பான் அல்லவா, அது இல்லை.

"உன் குரல் என்னடா இப்படி இருக்கு? சளி பிடிச்சிருக்கா?"

நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு எங்கோ கதவு திறந்தது. அக்கா, "யாரும் இல்லடா" என்றாள். யார் இல்லை? எதற்காகக் கதவைத் திறந்தாள்? அவனுக்குப் புரியவில்லை.

"மழைச் சத்தம்க்கா," என்றது அவன் குரல். "கதவைச் சாத்து."

கதவு சாத்தப்பட்டது. பிறகு வெறும் இரைச்சல். நீண்டுகொண்டே போன இரைச்சல். அதன் நடுவே அக்கா சிரித்தாள். அவனுடைய பழைய சேட்டைகளுக்குச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. அது பாதியில் நின்றது. நின்ற இடத்தில் ஒரு சின்னச் சத்தம். அலறல் இல்லை. இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போனால் தொண்டையிலிருந்து தானாக வருமே ஒரு சத்தம், அது.

அவன் துள்ளி எழுந்து டிலேயின் பொத்தானை ஓங்கி மிதித்தான். பச்சை வெளிச்சம் அணைந்தது. சத்தம் நிற்கவில்லை. அக்காவின் அந்தச் சின்னச் சத்தம் மறுபடி வந்தது. சற்று மெலிதாக. மறுபடி. இன்னும் மெலிதாக. பெட்டியை அணைத்தாலும் ஏற்கெனவே உள்ளே போனது தேய்ந்து முடியும்வரை ஒலிக்கட்டும் என்று, மத்தியானம் அவனே அதன் பக்கவாட்டில் ஒரு குட்டி சுவிட்சைத் தள்ளிவிட்டிருந்தான். பாட்டு வெட்டுப்பட்டது போல நிற்கக் கூடாதே என்று கிட்டார்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். இப்போது தன் அக்காவின் கடைசிச் சத்தம் அப்படி அழகாகத் தேய்ந்து போவதை அவன் நின்று கேட்டான்.

பிறகு எல்லாவற்றையும் பிடுங்கினான். ஒயர், பிளக், ஆம்ப், கிட்டார், எது கையில் சிக்கியதோ அது. அறை அமைதியானது. மழை மட்டும்.

அவன் அக்காவைக் கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள். மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு, தம்பி இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டு வந்துகொண்டிருப்பாள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் மூளை எப்படியோ ஒரு வழியைக் கண்டுபிடித்தது. அந்தக் குரல் தன்னுடையது. இந்த அறையில், இந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருந்தால்தானே அது பேசும்? தான் இங்கே இல்லாவிட்டால்? வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே போய் வாசலிலேயே நின்று, அக்காவை மேலே வரவிடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டால்? டிரம்மர் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். காரணம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அவள் திட்டுவாள். திட்டட்டும். உயிரோடு இருந்து திட்டட்டும்.

வெளியே வந்து பூட்டினான். இழுத்துப் பார்த்தான். நன்றாகப் பூட்டியிருந்தது.

மாடிப்படி விளக்குகள் ஆள் நடமாட்டம் கண்டால் தானாக எரியும். அவன் இறங்கியபோது எரியவில்லை. பல்பு போய்விட்டது என்று நினைத்து, சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினான். கீழ் மாடியில் ஒரு வீட்டுக் கதவு திறந்து, அந்த வீட்டம்மா குப்பைப் பையோடு வெளியே வந்தார். உடனே விளக்கு பளிச்சென்று எரிந்தது. "ஆன்ட்டி, எங்க அக்காவைப் பாத்தீங்களா?" என்று கேட்டான். அந்தம்மா பையை மூலையில் வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அவன் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். விளக்கு அணைந்தது. அவன் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

அவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது. அப்படித்தான் சொல்லிக்கொண்டான். வேறு எதையும் நினைக்க அவனுக்கு நேரமில்லை.

வாசலில் நின்றான். சாரல் முகத்தில் அடித்தது. தெருவில் வருகிற ஒவ்வொரு வண்டி வெளிச்சத்துக்கும் ஒரு எட்டு முன்னால் போய்ப் பார்த்தான். அக்கா இல்லை. அக்கா இல்லை. அடுத்ததும் அக்கா இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. மழைநாளில் அவள் முன்வாசலில் வண்டியை நிறுத்த மாட்டாள். பின்பக்கம் கூரை போட்ட இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கேயிருந்தே லிஃப்டில் ஏறிவிடுவாள்.

அவன் பின்பக்கம் ஓடினான். வண்டி நின்றிருந்தது. இருக்கையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் பக்கம் கையை வைத்தான். சூடு.

மறுபடி போன் போட்டான். இந்தத் தடவை உடனே எடுத்தாள்.

"ஹலோ?"

"அக்கா, வெளிய வா! அக்கா, உள்ள போகாத, உடனே வெளிய வந்துடு!"

"ஹலோ? யாரு? கேக்கலையே."

"அக்கா, நான்தான்! நான்தான்க்கா!"

"ஹலோ… ஒண்ணுமே கேக்கல." அவள் போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டது தெரிந்தது. குரல் வேறு பக்கம் திரும்பியது. "டேய், உன் நம்பர்லேருந்து யாரோ கூப்பிடறாங்கடா. போன எங்க விட்டுட்டு வந்த? என்னடா, இருட்டுல உக்காந்துட்டிருக்க?"

போனுக்குள், அறையின் மறு ஓரத்திலிருந்து, மூச்சே இழுக்காத குரல்:

"லைட்டப் போடாதக்கா."

அவன் ஓடினான். படிகளில் ஓடினான். எந்த விளக்கும் எரியவில்லை. கால் தரையில் படுகிறது, சத்தம் வரவில்லை. தடுக்கினான். முழங்கால் படியில் மோதியது. வலி வந்தது. சத்தம் வரவில்லை.

கதவு. சாவியை நுழைத்தான். நுழைந்தது. திருகினான். பாதி வரை வந்து சிக்கிக்கொண்டது. அங்கேதான் எப்போதும் சிக்கும். கொஞ்சம் அழுத்தினால் விழும். அழுத்தினான். இரண்டு கையாலும் அழுத்தினான். விரலில் பலம் இல்லை. குழந்தையின் விரல் போல வழுக்கியது. கதவை அடித்தான். உள்ளங்கையால், முஷ்டியால், நெற்றியால். மரத்தின் மேல் துணி உரசுவது போல ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

உள்ளே அக்கா சொன்னாள்: "யாரோ தட்டற மாதிரி இருக்கு."

காலடி நெருங்கியது. தாழ்ப்பாள் விலகியது. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

அக்கா. நெற்றியில் ஈர முடி. வேலைக்குப் போட்ட சட்டை. மூக்குக் கண்ணாடியில் மழைத்துளி. அவன் முகத்துக்கு நேராக, மூச்சுப் படுகிற தூரத்தில் அவள் முகம். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவனைத் தாண்டி, படிக்கட்டைப் பார்த்தாள்.

"அக்கா."

அவள் லேசாகத் தலையைச் சாய்த்தாள். எங்கோ தெருக்கோடியில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், நமக்கில்லை என்பது போல.

அவன் இடுக்கு வழியாகக் கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தே விட்டான். அந்தச் சூடு அவனுக்குத் தெரிந்தது. அவள் கையை உதறித் தேய்த்துக்கொண்டாள். "அப்பா, என்ன சில்லுனு காத்து."

அவள் தோளுக்கு மேலே அவனுக்கு அறை தெரிந்தது. இருட்டு. கொடியில் தொங்கும் துணிகள். நாற்காலி. அதில் அவன். அவன் சட்டை, அவன் முடி, அவன் குனிந்து உட்காரும் முதுகு. மடியில் அவன் கிட்டார். ஆனால் எல்லோரும் பிடிக்கும் பக்கமாக, வலது கைக்காரன் பிடிக்கும் பக்கமாகப் பிடித்திருந்தது. அதன் காலடியில் நான்கு பெட்டிகளும் ஒழுங்காக வரிசையாக இருந்தன. அவன் பிடுங்கி எறிந்த ஒயர் எல்லாம் செருகியிருந்தது. பச்சை வெளிச்சம் எரிந்தது.

அது தலையைத் திருப்பி, அக்காவின் தோளுக்கு மேலே, அவனை நேராகப் பார்த்தது. இந்த மாடியில் அவனைப் பார்க்க முடிந்தது அது ஒன்றுக்கு மட்டும்தான்.

"யாரும் இல்லடா," என்றாள் அக்கா.

"மழைச் சத்தம்க்கா." கண்ணை எடுக்காமலே சொன்னது. "கதவைச் சாத்து."

"அக்கா!" என்று அவன் கத்தினான். அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய. அவன் காதில் அது பேச்சுக் குரல் அளவுக்குக் கேட்டது.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா." கிசுகிசுப்பு. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் மெலிதாக.

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்த கிறீச்சு. காலடி. செருப்பில்லாத காலடி, அவசரமே இல்லாத காலடி. அது எதையோ சொன்னது. அக்கா சிரித்தாள். அவனுக்குத் தெரிந்த சிரிப்பு. சின்ன வயதிலிருந்து அவனுக்காக மட்டும் வைத்திருந்த சிரிப்பு.

அவன் கதவில் உடம்பைச் சாய்த்தான். மரம் அவனைத் தாங்கியதா என்று அவனுக்கே தெரியவில்லை. வாயைத் திறந்தான். இருந்த மூச்சு அத்தனையும் சேர்த்துக் கூப்பிட்டான்.

உள்ளே சிரிப்பு பாதியில் நின்றது.

அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். உதடு அசைவது தெரிந்தது. தொண்டை வலித்தது. படிக்கட்டு முழுவதும் இருட்டாகவே இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, அது நன்றாகக் கேட்டது. அவன் குரல் மட்டும் அவனுக்கே கேட்கவில்லை.